ஐந்து கலை தெற்கே

2005ஆம் ஆண்டு யூலை மாதம் 14ஆம் திகதி, வியாழக்கிழமை. 4.40க்கு எழும்பினேன். முகாம் கிணற்றில் நான்காவது ஆளாக முறை கிடைத்தது. 5.15க்குத் தேநீர் வைத்தேன். கச்சான் காற்று விடியும் முன்பே எழும்பியிருந்தது. கொட்டிலின் தென்மேற்குப் பக்கத் தறப்பாள் உப்பி உப்பி அடங்கியது. 5.40க்கு நாட்குறிப்பில் காற்றின் திசையையும் அன்றைக்குச் செய்ய வேண்டியவற்றையும் எழுதினேன். முதலாவதாக எழுதியது: "தம்பியின் படிவம். நாளை காலை 10 மணிக்கு முன் சங்கத்தில்." 6.30க்கு முள்ளியவளையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு 7.15க்கு முல்லைத்தீவில் பள்ளிக்கூடத்தை அடைந்தேன். முதற்பாடம் பத்தாம் ஆண்டுக்கு, இருபடிச் சமன்பாடு.

இதையெல்லாம் இப்படிச் சொல்ல முடிவது எழுதி வைத்திருப்பதால். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் எழுதிய கொப்பிகளை மார்கழியில் வந்த கடல் கொண்டுபோய்விட்டது. வீட்டையும் கொண்டுபோனது. தம்பியின் மூத்த மகளையும் கொண்டுபோனது. அவளுக்கு ஏழு வயது. தை மாதத்தில் நிவாரணப் பொதியோடு ஒரு கொப்பி கிடைத்தது. அதில் மறுபடி எழுதத் தொடங்கினேன். முன்பெல்லாம் ஒரு நாளுக்கு அரைப் பக்கம். இப்போது இரண்டு பக்கம். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயம் எனக்கு. அந்தக் கொப்பி பிறகு எத்தனையோ இடப்பெயர்வுகளில் என்னோடு வந்தது.

படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் உதவி நிறுவனம் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் இருபது படகுகளுக்கும் கடலில் இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி தருவதாகச் சொல்லியிருந்தது. இரண்டு வகை. ஒன்று கைக்குள் அடங்குவது. சாம்பல் நிறத் திரையில் எண்களும் ஓர் அம்பும் மட்டும் தெரியும். மற்றது படகில் பூட்டுவது. இரண்டு உள்ளங்கை அகலத் திரை, அதில் கடலின் படம், கரைக்கோடு, ஆழத்தின் எண்கள், நடுவில் ஒரு சின்னப் படகு நகரும். எங்கள் ஆட்கள் முதலாவதைக் கைமெசின் என்றும் இரண்டாவதைப் பெரிய மெசின் என்றும் சொன்னார்கள். ஒவ்வொரு படகுக்காரரும் ஒன்றைத் தெரிந்தெடுத்துப் படிவத்தில் குறிக்க வேண்டும். குறித்த பிறகு மாற்ற முடியாது. மாதிரிக்கு ஒவ்வொன்று வந்திருந்தது. சோதனைச் சாவடியில் மூன்று கடிதங்களைக் காட்டித்தான் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த கையேட்டைத் தமிழில் எழுதித் தரும் வேலையைச் சங்கத் தலைவர் என்னிடம் ஒப்படைத்தார்.

மாதிரிகளைக் காட்டிய அன்று சங்கக் கொட்டிலில் இருக்க இடமில்லை. நான் மேசையில் கைமெசினை வைத்து, ஓர் இடத்தை அதற்குள் சேமித்துவிட்டால் எத்தனை நாள் கழித்தும் அந்த இடத்துக்குக் கூட்டிப்போகும் என்று விளக்கினேன்.

"ரீச்சர், அப்ப என்ரை மனுசிக்கும் ஒண்டு எடுத்துக் குடுத்தால் நான் எங்கை நிக்கிறன் எண்டு கண்டுபிடிச்சிடுவாவோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"உன்னைக் கண்டுபிடிக்க மெசின் எதுக்கு? அவா நேரே கள்ளுக் கொட்டிலுக்கெல்லோ வருவா," என்றார் தலைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். மார்கழிக்குப் பிறகு அத்தனை பேர் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. கடைசி வாங்கில் இருந்து பெரிய மெசினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய அவதி எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் கடலில் இடம் பிடிப்பது கரையைப் பார்த்து. கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் ஒரே நேரில் வைத்து, இன்னொரு பக்கத்தில் வேறு இரண்டு அடையாளங்களை நேரில் வைத்தால், இரண்டு நேரும் வெட்டும் இடத்தில் மீன் கூடும் பாறைத்திட்டு இருக்கும். அதைப் பார் என்பார்கள். அலை வந்த பின் கோபுரமும் இல்லை, பனையும் இல்லை, அடையாளமாக வைத்த வீடுகளும் இல்லை. பார் அங்கேயேதான் கிடந்தது. ஆனால் அதற்குப் போகும் வழி அழிந்துபோயிருந்தது. நிவாரணமாகக் கிடைத்த பதினெட்டரை அடிப் படகில் தம்பி மாசி தொடக்கம் வைகாசி வரை ஈயக்குண்டை இறக்கி இறக்கி அடியைத் தட்டிப் பார்த்துத் திரிந்தான். வெறும் படகோடு வருவான். அவன் மனைவி படகுக்குள் எட்டிப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். ஒருநாள் என் கொட்டில் வாசலில் இருந்து, "அக்கா, என்னை ஏன் விட்டுட்டுப் போனது?" என்று கடலைப் பற்றிக் கேட்டான். 

ஆனி மாதத்தின் ஆரம்பத்தில் அவன் ஒரு பாரைக் கண்டுபிடித்தான். பழையவற்றில் ஒன்றல்ல, புதியது. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில். திசைகாட்டியையும் கைக்கடிகாரத்தையும் வைத்துத்தான் போய் வந்தான். மூன்று தரம் போனால் ஒரு தரம் சரியாகச் சிக்கும். அந்த ஒரு தரத்தில் கிடைப்பது வாரம் முழுவதற்கும் போதும். இளையவனுக்குச் சட்டை வந்தது. மச்சாள் மறுபடி படகுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

எங்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. கடலில் தொழில் முடித்து வந்தவரிடம் "எந்தப் பக்கம் போனனீங்கள்?" என்று கேட்பார்கள். அவர் வேறொரு பக்கத்தைச் சொல்வார். கேட்டவருக்கு அது பொய் என்று தெரியும்; சொன்னவருக்கும் அது தெரியும் என்று தெரியும். ஆனாலும் கேட்காமல் விடுவது மரியாதை இல்லை, உண்மையைச் சொல்வது புத்தி இல்லை. பாரைக் கரையில் வைத்துச் சொன்னால் மீன் எழும்பிப் போய்விடும் என்பார்கள்.

ஆகவே மெசினைத் தெரிந்தெடுப்பதில் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. நான் கொப்பியில் கோடிட்டு இரண்டையும் ஒப்பிட்டிருந்தேன். கைமெசினுக்கு இரண்டு சின்னப் பற்றறி போதும். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். பெரிய மெசினுக்குக் கார்ப் பற்றறி வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் அதைச் சங்கத்து ஜெனரேற்றரில்தான் ஏற்ற வேண்டும். திறந்த படகில் உப்புத் தண்ணீர் அடிக்கும். இவ்வளவும் இருந்தும் நான் பெரிய மெசினின் பக்கம்தான். படம் இருக்கிறது. ஆழம் இருக்கிறது. போகக் கூடாத எல்லையை மனிதர் கண்ணால் பார்க்கலாம்.

"பெரிசையே போடுவம்," என்றேன். "நீ எங்கை நிக்கிறாய் எண்டு அப்பிடியே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சால் பரவாயில்லை. எனக்கு முன்னாலை இருக்கிறவருக்கும் எல்லோ தெரியும்."

அவனோடு வலை இழுக்கப் போகிறவர் எங்கள் தந்தையின் வயதுக்காரர், சொந்தக்காரர் அல்ல.

"அவர் பாவம். அவருக்குத் தெரிஞ்சால் என்ன?"

"இந்த மாசம் என்னோட வாறார். வாற மாசம் ஆற்றை படகிலை ஏறுவாரோ தெரியாது. அக்கா, நான் போகேக்கை கடலிலை ரெண்டு தரம் சுத்தி வளைஞ்சுதான் போறனான். எந்தப் பக்கம் போறம் எண்டு அந்த மனுசனுக்கு இண்டைக்கும் தெரியாது."

"அவர் அதுக்கு ஒண்டும் சொல்லுறேல்லையோ?"

"'தம்பி, நீ எஞ்சினை ஒருக்கால் பழுது பார், நேரே போகுதில்லை' எண்டு சொல்லுவார்."

நான் சிரித்தேன். அவன் கைமெசினைத்தான் கேட்டான். சட்டைக்குள் வைத்துப் பார்க்கலாம். ஐந்து நாள் அதைக் கொண்டுபோய்ப் பரீட்சித்தான். எந்த இடத்தையும் அதற்குள் சேமிக்கக் கூடாது, வேறு ஆரும் திறந்தால் தெரிந்துவிடும் என்று பிடிவாதமாக நின்றான். பாரில் நிற்கும்போது எண்களை மனப்பாடம் செய்து வந்து மாலையில் என்னிடம் சொன்னான். நான் நாட்குறிப்பில் எழுதினேன். ஐந்து நாளும் நல்ல மீன். அந்த ஐந்து இடங்களையும் வரைபுத்தாளில் குறித்துப் பார்த்தேன். கரையிலிருந்து நேர் கிழக்கே, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் இத்தனை எண்களை மாறாமல் கொண்டுவருகிறானே என்று பெருமைப்பட்டேன்.

பரீட்சை முடிந்ததும் கையேட்டை முடிப்பதற்காகக் கைமெசின் என்னிடம் வந்தது. பெரிய மெசினைத் தலைவரின் படகில் பூட்டியிருந்தார்கள். தம்பி பழையபடி கடிகாரத்தோடும் திசைகாட்டியோடும் போனான். படிவத்தை நான் இன்னும் குறிக்கவில்லை. அவனை மனம் மாற்றலாம் என்று கடைசி நாள் வரை வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை 11.20க்கு, ஒன்பதாம் ஆண்டின் பாடத்துக்கு நடுவில், சங்கத்தின் காவலாளி சைக்கிளில் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"ரீச்சர், தம்பியின்ரை படகு இன்னும் வரேல்லை. மற்ற எல்லாரும் வந்திட்டினம்."

அவன் 3.30க்குப் போனால் 9.30க்கு முன் வருவான். பிந்தினால் 10 மணி. நான் வெண்கட்டிப் பெட்டியையும் மூடாமல் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கைமெசினும் பையில் இருந்தது.

கரையில் மச்சாள் ஏற்கனவே வந்திருந்தாள். கவிழ்த்து வைத்த ஒரு படகின் நிழலில், இளையவனை மடியில் வைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி இருந்தாள். மார்கழிக்குப் பிறகு அவள் கடலைப் பார்த்து இருப்பதில்லை. என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"மச்சாள், உங்கடை கொப்பியிலை இடம் இருக்கும்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது. நாட்குறிப்பைத் திறந்து எண்களைத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் பெரிய மெசினில் அவற்றைப் போட்டார். 11.45க்கு மூன்று படகுகள் நேர் கிழக்கே புறப்பட்டன. கொடுத்த பிறகு எனக்கு மனம் ஓரளவு ஆறியது. எழுதி வைத்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பையும் அன்றே எழுதி வைத்திருக்கிறேன். இப்போது வாசிக்கக் கூசுகிறது.

1.50க்கு மூன்று படகுகளும் திரும்பி வந்தன. தலைவர் தண்ணீரிலேயே நின்று தலையை ஆட்டினார்.

"ரீச்சர், அந்த இடத்திலை பாருமில்லை, ஒண்டுமில்லை. குண்டு இறக்கிப் பாத்தனான், வெறும் சேறு. அங்கை ஒருத்தனும் வலை போடான்."

"எண்கள் சரியாகத்தானே போட்டனீங்கள்?"

"மூண்டு தரம் பாத்தனான்."

கச்சான் மத்தியானத்துக்குப் பிறகு பலத்துவிடும். கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று அது. எஞ்சின் நின்ற படகை அது ஒவ்வொரு மணித்தியாலமும் வெளியே கொண்டுபோகும். அந்தப் பக்கத்தில் அடுத்த கரை என்று ஒன்றில்லை. எல்லோருக்கும் இது தெரியும். ஆரும் வாயால் சொல்லவில்லை. எரிபொருளும் அளவாகத்தான் இருந்தது. திசை தெரியாமல் இன்னொரு தரம் போய்வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

நான் சங்கக் கொட்டிலுக்குள் தனியே போய் இருந்து கைமெசினைத் திறந்தேன். எதைத் தேடினேன் என்று எனக்கே தெரியாது. சேமித்த இடங்கள் இருக்கும் பக்கம் வெறுமையாக இருந்தது. அவன் ஒன்றையும் சேமிக்கவில்லை. கையேட்டை எடுத்துப் புரட்டினேன். முப்பத்தொரு பக்கங்களில் பதினான்கை நான் தமிழாக்கியிருந்தேன். மீதிப் பக்கங்களின் மேல் பென்சிலால் "எமக்குத் தேவையில்லை" என்று எழுதியிருந்தேன். அப்படி ஒதுக்கிய பக்கங்களில் பத்தொன்பதாவது, மெசின் போகும் வழியைப் பற்றியது. ஆரும் ஒரு பொத்தானையும் அழுத்தத் தேவையில்லை. மெசினை இயக்கி வைத்திருந்தால் போதும், போன வழியைப் புள்ளி புள்ளியாகத் தானே வைத்துக்கொள்ளும்.

அந்தப் பக்கத்துக்குப் போனேன். சின்னத் திரையில் ஐந்து கோடுகள் தெரிந்தன. ஐந்தும் எங்கள் கரையில் தொடங்கின. ஐந்தும் வடகிழக்கே போயின. ஒவ்வொன்றிலும் கரையிலிருந்து சில மைல் தூரத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. அந்த வலை இழுக்கிறவருக்காகச் சுற்றிய வட்டங்கள். கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் போய்க் கட்டுப்பட்ட நூல் போல் சிக்கி நின்றன.

அந்த இடத்தின் எண்களை எடுத்து நாட்குறிப்போடு ஒப்பிட்டேன். கிழக்கு எண்கள் அப்படியே இருந்தன. வடக்கு எண்களில் மட்டும் ஒவ்வொன்றிலும் ஐந்து குறைவாக எனக்குச் சொல்லியிருந்தான். பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கலை. ஐந்து கலை என்றால் ஒன்பது கிலோமீற்றருக்கு மேல். ஐந்து நாளும் ஒரு தரமும் பிழைக்காமல் கழித்திருந்தான். என்னிடம் கணக்குப் படித்த காலத்தில் கடன் வாங்கிக் கழிப்பது அவனுக்கு வரவே வராது.

எனக்குமா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் பயம் வந்தது.

நேரம் 2.14. எழும்பிப்போய் உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் எழும்பவில்லை. தலைவரிடம் தனியாகச் சொல்லி ஒரு படகை மட்டும் அனுப்பலாமா என்று யோசித்தேன். ஒரு படகு போதாது. எஞ்சின் எப்போது நின்றது என்று தெரியாததால் காற்று தள்ளும் பக்கமாக அகலமாக விரிந்து தேட வேண்டும், ஏழெட்டுப் படகாவது வேண்டும், ஏழெட்டுப் படகும் அந்தப் பாரிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவ்வளவு பேரும் அதை அறிந்துகொள்வார்கள். நான்கு மாதம் வெறும் கடலைத் தட்டித் தட்டி அவன் கண்டெடுத்தது. மார்கழிக்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு இருந்தது அது ஒன்றுதான். அவன் எஞ்சினைத் திருத்திக்கொண்டு இப்போது வந்துகொண்டிருந்தால்? அரை மணித்தியாலத்தில் படகு தெரிந்தால்? அவனுடைய பாரை நானே விற்றது போலாகிவிடும். கதவிடுக்கால் கடலைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி பார்த்தேன்.

2.23க்கு எழும்பினேன். ஒன்பது நிமிடம். அது எதையும் மாற்றவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் ஒன்பது நிமிடம் நான் அங்கே இருந்தேன்.

வெளியே வந்து மச்சாள் இருந்த படகின் மறுபக்கத்துக்குப் போய், பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து, அதன் அடிப்பக்கத்தில் எண்களைப் பெரிதாக எழுதினேன். வகுப்பில் கடைசி வாங்கிலிருப்பவருக்கும் தெரியும் அளவில். ஆட்கள் கூடினார்கள். அந்த எண்களை இப்போதும் இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

"இதெங்கை ரீச்சர்?" என்றார் தலைவர்.

"அவன் தொழில் செய்யிற இடம். நான் முதல் தந்தது பிழை."

அவர் எண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பிழை இல்லை ரீச்சர்," என்றார் மெதுவாக. "எல்லாரும் செய்யிறதுதான். நான் என்ரை பெண்சாதிக்குக்கூட உண்மை சொன்னதில்லை."

பக்கத்தில் நின்ற ஒருவர் எண்களை வாய்க்குள் ஒருமுறை முணுமுணுத்தார். அவர் தேடுவதற்காகத்தான் முணுமுணுத்தார் என்று நினைக்க விரும்பினேன்.

மச்சாள் சத்தம் கேட்டு எழும்பி வந்தாள். வெண்கட்டியால் எழுதியிருந்ததை வாசித்தாள். அவளுக்கு அந்த எண்கள் விளங்கியிராது. ஆனால் ஆட்களின் முகம் விளங்கியது.

"எழுதியாச்சே மச்சாள்?"

"ஓம்."

"நல்லது," என்றாள். "அவர் ஏசினால் நான்தான் எழுதச் சொன்னதெண்டு சொல்லுங்கோ."

2.35க்கு ஒன்பது படகுகள் வெளிக்கிட்டன. பெரிய மெசின் பூட்டிய தலைவரின் படகு முன்னால். பாரை அடைந்ததும் அதிலிருந்து காற்றுப் போகும் பக்கமாக, ஒன்றையொன்று கண்ணில் வைத்துக்கொண்டு வரிசையாகப் பரவ வேண்டும் என்று தலைவர் சொல்லிப்போனார். நான் மணலில் இருந்து கொப்பியில் கணக்குப் போட்டேன். பாருக்குப் போக முக்கால் மணித்தியாலம். எஞ்சின் காலை ஏழு மணிக்கு நின்றிருந்தால் எவ்வளவு தூரம், பத்து மணிக்கு நின்றிருந்தால் எவ்வளவு தூரம். ஏழு மணிக்கு என்று போட்ட கணக்கின் விடை ஒன்பது படகுகளும் திரும்பி வருவதற்கு எரிபொருள் போதாத தூரமாக வந்தது. அதை வெட்டிவிட்டுத் திரும்பச் செய்தேன். அதே விடை வந்தது. மூன்றாம் தரமும் செய்தேன். பக்கத்தில் மச்சாள் இளையவனின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் நோகுது அம்மா, நோகுது அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கு அது கேட்கவில்லை. நான் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

6.05க்குப் படகுகள் தெரிந்தன. எட்டு வரையும் எண்ணினேன். பின்னால் ஒன்பதாவது இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது.

எஞ்சினின் அடிப்பாகத்தில் கியர் உடைந்திருந்தது. மத்தியானம் ஒரு மணி வரைக்கும் அவர்கள் பாரிலேயே நங்கூரம் போட்டு நின்றிருக்கிறார்கள். அதன் பிறகு கயிறு பாறையில் தேய்ந்து அறுந்துவிட்டது. அதாவது மூன்று படகுகள் முதலில் போன நேரத்தில் எண்கள் சரியாக இருந்திருந்தால், அவன் நின்ற இடத்திலேயே நின்றிருப்பான். இதை வலை இழுக்கிறவர்தான் சொன்னார். அவர் மணலில் கால் வைத்ததும் இரண்டு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இண்டைக்குத்தான் நேரே வந்தனாங்கள்," என்றார். ஆரும் சிரிக்கவில்லை.

தம்பி மகனைத் தூக்கினான். மச்சாளின் தோளில் கையை வைத்தான். பிறகு கவிழ்த்திருந்த படகைக் கண்டு நின்றான். எண்களை வாசிக்கிறான் என்று உதடுகளில் தெரிந்தது. மகனை இறக்கிவிட்டுப் போய் ஈரக் கையால் அவற்றைத் தேய்த்தான். வெண்கட்டி கரைந்து வெள்ளையாகப் பரவியது, எண்கள் போய்விட்டன. அவனைக் காப்பாற்றப் போன ஒன்பது படகுக்காரரும் அங்கேதான் நின்றார்கள். அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"ஆர் எழுதினது?"

"நான்," என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"மெசின் வைச்சிருந்தது."

"நான் சேமிக்கேல்லையே அக்கா."

"சேமிக்காட்டிலும் போன வழியை அது வைச்சிருக்குமாம். எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்."

"நீங்கள் தானே முழுக்க வாசிச்சனீங்கள்."

"இல்லை," என்றேன். "முழுக்க வாசிக்கேல்லை."

 மச்சாள் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் அளவுக்கு அவன் என்னை ஏசவுமில்லை. தலைவர் வந்து அவன் முதுகில் தட்டி, "உயிரோட வந்தாய், அது காணும் தம்பி," என்றார். "ஓம் அண்ணை. பெரிய உதவி," என்று அவன் அவர் கையைப் பிடித்தான். மனதாரத்தான் பிடித்தான். பிடித்த கையை விட்டதும் முகம் வற்றிப்போயிற்று. அன்றிரவு அவன் முள்ளியவளைக்கு வரவில்லை. படகோடு கரையிலேயே தங்கிவிட்டான். நானும் மச்சாளும் பிள்ளையும்தான் திரும்பினோம். நாட்குறிப்பில் அன்றைக்கு மூன்றரைப் பக்கம் எழுதினேன். ஒன்பது நிமிடத்தையும் எழுதினேன். ஐந்து நாளுக்கும் முன்பு எழுதியிருந்த இடங்களை வெட்டவில்லை. அவன் சொன்னது அதுதான், நான் எழுதியதும் அதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை 5.05க்குக் கொட்டில் வாசலில் சைக்கிள் சாத்தும் சத்தம் கேட்டது. தம்பி. கண்கள் சிவந்திருந்தன. கைகளில் எஞ்சின் கிறீஸ். உள்ளே வரவில்லை.

"படிவம் எங்கை?"

எடுத்துக்கொண்டு வந்தேன்.

"பெரிசைப் போடுங்கோ."

"யோசிச்சுச் சொல்லு. பிறகு மாத்த ஏலாது. பற்றறிக்கு என்ன செய்யப்போறாய்?"

"பற்றறியை நான் பாப்பன்."

"உப்புத்தண்ணி..."

"அக்கா, நான் சின்னதைக் கேட்டது ஒளிக்கிறதுக்கு. இனி என்னத்தை ஒளிக்கிறது? விடியமுன்னம் பதினொரு படகு வடகிழக்கை போயிட்டுது. நான் எண்ணினனான்." அவன் குரல் அதிரவில்லை. அதிர்ந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். "அவையளிலை பிழை இல்லை. நானெண்டாலும் போவன். இனி நான் வேற பார் தேட வேணும். தேடுறவனுக்கு ஆழம் போட்ட படம் வேணும்."

மேசையில் படிவத்தை விரித்து, இரண்டாவது கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டேன். அவன் வாசலில் நின்றபடியே குனிந்து கையொப்பமிட்டான். கிறீஸ் படாமல் இருக்கப் பேனையை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்திருந்தான்.